கருக்கலைப்பு பாவமா, உரிமையா? எமது வீடுகளில் பேசாமல் விட்ட கேள்வி

இந்த நாடுகளில் ஒரு பெண் கர்ப்பமாகி முதன்முறை வைத்தியசாலைக்குப் போகும்போது அவளிடம் பல கேள்விகள் கேட்பார்கள். அவற்றில் ஒன்று, பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் போன்ற குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை வேண்டுமா என்பது. பக்கத்தில் இருக்கும் அம்மா, "எல்லாச் சோதனையும் செய்யச் சொல்லு பிள்ளை, நல்லதுதானே" என்பார். மருத்துவத் தாதி ஒரு கணம் நிறுத்தி, "முடிவு தெரிந்த பின் என்ன செய்ய விரும்புவீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்" என்பார். மகளுக்கு விளங்கும். அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லமாட்டாள். அந்த இடத்தில்தான் கருக்கலைப்பு என்ற கேள்வி எமது குடும்பங்களுக்குள் சத்தமில்லாமல் நுழைகிறது.

ஊரில் இது இருக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "அவளுக்குத் தங்கேல்லை" என்ற ஒரு சொல்லுக்குள் தானாகக் கலைந்த கருவையும் கலைத்த கருவையும் சேர்த்து மூடிவைத்தோம். கேட்டவரும் மேலே கேட்கமாட்டார். புலம்பெயர்ந்த பின் அந்த மூடி கழன்றுவிட்டது. தேர்தலில் இதைப்பற்றி விவாதிக்கிறார்கள், பாடசாலையில் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். "எங்கட சமயம் இதைப்பற்றி என்ன சொல்லுது?" என்று பிள்ளை கேட்டால் எம்மில் பலரிடம் பதில் இல்லை. சட்டமும் சமயமும் தத்துவமும் என்ன சொல்கின்றன என்பதை இங்கே முடிந்தவரை நேர்மையாகத் தொகுத்துப் பார்க்கிறோம்.

நாம் வாழும் நாடுகளின் சட்டம்

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். "வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் சாதாரணம்" என்று நாம் சொல்வதுண்டு. இந்த நாடுகளின் சட்டங்களைப் பார்த்தால், அவர்களும் இந்தக் கேள்வியோடு நீண்டகாலம் மல்லுக்கட்டியிருப்பது தெரியும்.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகியவற்றில் 1967ஆம் ஆண்டின் சட்டம் இரண்டு வைத்தியர்களின் ஒப்புதலோடு கருக்கலைப்பை அனுமதிக்கிறது. பொதுவான எல்லை 24 வாரம். தாயின் உயிருக்கு ஆபத்து அல்லது பிள்ளைக்குக் கடுமையான குறைபாடு என்றால் அந்த எல்லை பொருந்தாது. கனடாவில் 1988 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோர்கென்டாலர் வழக்கில் பழைய குற்றவியல் பிரிவைச் செல்லாது என்று தீர்த்தது. அதன்பின் அங்கே இதற்கென்று குற்றவியல் சட்டமே இல்லை. மருத்துவ விதிகளும் மாகாணங்களின் சுகாதார ஏற்பாடுகளும்தான் இதை நெறிப்படுத்துகின்றன. பிரான்சில் 1975ஆம் ஆண்டின் சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்வைத்துப் போராடியவர் சுகாதார அமைச்சர் சிமோன் வெய். நாசிகளின் அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பிய யூதப் பெண் அவர். 2024 மார்ச்சில் பிரான்ஸ் இந்தச் சுதந்திரத்தைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது.

ஜேர்மனியின் நிலை விசித்திரமானது. அங்கே கருக்கலைப்பு இன்றும் தண்டனைச் சட்டத்தின் 218ஆம் பிரிவில் இருக்கிறது. கருத்தரித்து 12 வாரங்களுக்குள், அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் ஆலோசனை பெற்று, குறைந்தது மூன்று நாள் இடைவெளி விட்டுச் செய்தால் தண்டனை இல்லை. சட்டவிரோதம், ஆனால் தண்டிக்கப்படாது! சுவிற்சர்லாந்தில் 2002 ஜூனில் மக்கள் வாக்களித்து முதல் 12 வாரங்களுக்கு அனுமதி அளித்தார்கள். நோர்வேயில் 1978ஆம் ஆண்டின் சட்டப்படி 12 வாரமாக இருந்த எல்லை 2025 ஜூனில் 18 வாரமாக நீண்டது. அமெரிக்காவிலோ 1973இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உரிமையை அதே நீதிமன்றம் 2022 ஜூனில் திரும்ப எடுத்துக்கொண்டது. இன்று அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

ஆகவே "எத்தனை வாரம்" என்ற கேள்விக்கு உலகில் ஒரே விடை இல்லை. எந்தக் கட்டத்தில் கருவை ஓர் ஆளாகக் கொள்வது என்பது விஞ்ஞானம் மட்டும் சொல்லக்கூடிய விடயமல்ல என்பதால்தான் எல்லைகள் இப்படி மாறுபடுகின்றன.

நாம் விட்டுவந்த சட்டம்

இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. 303ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றி வேறெந்தக் காரணத்துக்காகவும் கருவைக் கலைப்பது குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை, கரு அசையத் தொடங்கிவிட்டால் ஏழு ஆண்டுவரை. தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் குற்றவாளிதான். பாலியல் வன்முறையால் உண்டான கருவுக்கும், பிறந்தாலும் பிழைக்காது என்று தெரிந்த கருவுக்கும் விதிவிலக்கு இல்லை.

இதைச் சிலர் எமது பண்பாட்டின் சட்டம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது பிரித்தானியர் இந்தியாவுக்கு எழுதிய 1860ஆம் ஆண்டின் சட்டக்கோவையை அடியொற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தது. எழுதியவர்கள் தம் நாட்டில் 1967இல் அதை மாற்றிக்கொண்டார்கள். இந்தியா 1971இல் மாற்றியது. இலங்கையில் 1995இலும் 2017இலும் சில விதிவிலக்குகளைச் சேர்க்க முயற்சி நடந்தது. எதிர்ப்பு எழுந்தது, சட்டம் மாறவில்லை. சட்டம் தடுத்ததால் கருக்கலைப்பு நின்றும் விடவில்லை. அது மறைவிடத்துக்குப் போனது. பணம் உள்ளவர் பாதுகாப்பாகச் செய்துகொண்டார், இல்லாதவர் நோய்த்தொற்றோடு வைத்தியசாலைக்கு வந்தார் அல்லது வராமலே போனார்.

சமயங்கள் சொல்வது

எமது சைவ மரபில் தொடங்குவோம். தருமசாத்திரங்கள் கருவை அழிப்பதைப் பெரும்பாவங்களில் ஒன்றாக வைக்கின்றன. சைவசித்தாந்தத்தின்படி உயிர் அநாதியானது. அது யாராலும் படைக்கப்பட்டதல்ல, அழிக்கப்படுவதும் இல்லை. வினையை அனுபவித்துத் தீர்ப்பதற்கு இறைவன் அதற்கு உடல் தருகிறான். இந்த நோக்கில், கருவை அழிப்பது ஓர் உயிருக்குக் கிடைத்த உடம்பைப் பறிப்பதாகும். திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் 'கர்ப்பக் கிரியை' என்றே ஒரு பகுதி இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் போற்றித் திருவகவலில், கருவில் இருக்கும் உயிர் ஒவ்வொரு மாதமும் எந்தெந்த ஆபத்துகளிலிருந்து தப்பிப் பிழைக்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லிச்செல்கிறார். கருவை உயிரற்ற சதைப்பிண்டமாக எமது மரபு ஒருபோதும் பார்த்ததில்லை.

ஆனால் அதே மரபில் இன்னொரு குரலும் உண்டு. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை, நான்காம் மாதத்தில் இருதயம் தெளிவாக உருவாகும்போதே கருவில் உணர்வு வெளிப்படுகிறது என்றும், அப்போது தாய் இரண்டு இருதயம் உடையவளாகிறாள் என்றும் கூறுகிறது. பிரசவம் சிக்கலாகி வயிற்றில் பிள்ளை இறந்துவிட்டால், தாயைக் காக்க அதை எப்படி அறுத்து எடுப்பது என்றும் அந்நூல் விவரிக்கிறது. கரு படிப்படியாக வளர்ந்து முழுமையடைகிறது என்ற எண்ணமும், தாயின் உயிரைக் கைவிடக்கூடாது என்ற எண்ணமும் எமக்கு அந்நியமானவை அல்ல.

எம்மில் கணிசமானோர் கத்தோலிக்கர். திருச்சபை ஆதிநாள் முதலே கருக்கலைப்பைக் கண்டித்து வந்திருக்கிறது. எனினும் கருவுக்கு ஆன்மா எப்போது வருகிறது என்பதில் அறிஞர்களிடையே நீண்ட விவாதம் இருந்தது. அரிஸ்டோட்டிலைப் பின்பற்றிய புனித தோமஸ் அக்குவைனஸ், பகுத்தறியும் ஆன்மா கரு உருவெடுத்த பின்னரே வருகிறது என்று கருதினார். 1869இல் ஒன்பதாம் பத்திநாதர், உருவான கரு, உருவாகாத கரு என்று தண்டனையில் இருந்த வேறுபாட்டை நீக்கினார். இன்றைய போதனை, கருத்தரித்த கணத்திலிருந்தே மனித உயிரைக் காக்கவேண்டும் என்பது. 1995இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தம் சுற்றுமடலில் இதை மிக உறுதியாகக் கூறினார். ஆனாலும் தாயின் நோய்க்கு அவசியமான சிகிச்சையின் பக்கவிளைவாகக் கரு இறந்தால், அது வேண்டுமென்று செய்த கருக்கலைப்பு ஆகாது என்பதை அதே போதனை ஏற்கிறது. 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ், கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருமாருக்கும் நிலையாக வழங்கினார். பாவம் என்ற போதனை மாறவில்லை, வாசல் மட்டும் அகலத் திறக்கப்பட்டது. புரட்டஸ்தாந்து சபைகளிடையே ஒரே கருத்து இல்லை. கடுமையாக எதிர்ப்பவையும் உண்டு, பெண்ணின் மனச்சாட்சிக்கு விடுபவையும் உண்டு.

இஸ்லாமில், கருவின் வளர்ச்சியை நாற்பது நாட்கள் கொண்ட மூன்று கட்டங்களாகக் கூறும் நபிமொழியை அடிப்படையாகக் கொண்டு, 120 நாட்களின் பின் ரூஹ் ஊதப்படுவதாக அறிஞர்கள் பலர் கொள்கின்றனர். அதன் பின்னர் தாயின் உயிர் ஆபத்தில் இருந்தாலன்றி அனுமதி இல்லை. அதற்கு முன் என்ன என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனபி மரபில் சிலர் தக்க காரணத்தோடு இடமளித்தனர். மாலிக்கி மரபு மிகக் கண்டிப்பானது. ஷாபி மரபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி, தொடக்கம் முதலே அது குற்றம் என்றும், கரு வளர வளரக் குற்றமும் கனக்கிறது என்றும் எழுதினார்.

பௌத்த விநய விதிகளில், கருக்கலைப்புக்குக் காரணமாகும் பிக்கு மனிதக் கொலை செய்தவராகவே கருதப்பட்டுச் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார். அதேவேளை, பௌத்த நாடான ஜப்பானில் பிறவாத பிள்ளைகளுக்காக விகாரைகளில் சடங்கு செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. செய்ததை மறைக்காமல் துக்கத்தோடு ஏற்றுக்கொள்ளும் ஒரு வழி அது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பொதுவான கருத்துகள் தெரிகின்றன. எந்தச் சமயமும் கருவை அற்பமாகக் கருதவில்லை. அநேகமாக எல்லாமே தாயின் உயிருக்குத் தனி இடம் கொடுத்திருக்கின்றன.

தத்துவவாதிகளின் வாதம்

சமயத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பகுத்தறிவால் மட்டும் ஆராய்ந்தாலும் கேள்வி இலகுவாகிவிடவில்லை. 1971இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் ஜார்விஸ் தொம்சன் ஒரு கற்பனையை முன்வைத்தார். ஒருநாள் கண்விழிக்கும்போது உங்கள் சிறுநீரகத்தோடு புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவர் இணைக்கப்பட்டிருக்கிறார். ஒன்பது மாதம் அப்படியே இருந்தால்தான் அவர் பிழைப்பார். அவருக்கு உயிர்வாழும் உரிமை இருக்கிறது. ஆனால் உங்கள் உடலைப் பயன்படுத்தும் உரிமை அவருக்கு இருக்கிறதா? கரு ஒரு முழு மனிதன் என்றே ஒப்புக்கொண்டாலும், பெண் தன் உடலைக் கட்டாயமாகக் கொடுக்கவேண்டும் என்று அதிலிருந்து முடிவாகாது என்பது அவரது வாதம். மறுப்பவர்கள், வயலின் கலைஞர் அந்நியர், கருவோ பெற்றோரின் செயலால் உண்டானது, பிள்ளைக்குப் பெற்றோர் கடமைப்பட்டவர்கள் என்கின்றனர்.

1989இல் டொன் மார்க்விஸ் மறுபக்கத்திலிருந்து வாதிட்டார். ஒருவரைக் கொல்வது ஏன் தவறு? அவருக்கு வரவிருந்த எதிர்காலம் முழுவதையும் அது பறித்துவிடுகிறது. கருவுக்கும் எம்மைப் போன்ற எதிர்காலம் இருப்பதால், பெரும்பாலான வேளைகளில் அதை அழிப்பதும் தவறே என்றார். சமய நம்பிக்கை எதுவும் இந்த வாதத்துக்குத் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

எமக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது 1991இல் ரொசலிண்ட் ஹர்ஸ்ட்ஹவுஸ் எழுதியது. உரிமை யாருக்கு என்று தீர்த்துவிட்டால் ஒழுக்கக் கேள்வி முடிந்துவிடாது என்கிறார் அவர். உரிமை இருக்கும் ஒரு காரியத்தையும் இரக்கமின்றி, சுயநலத்தோடு செய்யலாம். அதே காரியத்தைப் பொறுப்போடும் கனத்த மனதோடும் செய்யலாம். "சட்டம் விடுகிறதா" என்பதோடு நின்றுவிடாமல், "நல்ல மனிதராக இருந்து இதை எப்படித் தீர்மானிப்பது" என்று கேட்கச் சொல்கிறார். அறத்தை மனதின் தூய்மையில் தேடப் பழகிய எமக்கு இது புதிய சிந்தனை அல்ல.

சவிதாவின் மரணம்

கோட்பாடுகள் ஒரு பெண்ணின் படுக்கையருகில் வந்து நிற்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு எமக்கு அண்மையான உதாரணம் சவிதா ஹலப்பனவர். கர்நாடகத்திலிருந்து அயர்லாந்துக்குப் போன 31 வயதுப் பல்வைத்தியர். 2012 ஒக்டோபரில் 17 வாரக் கர்ப்பிணியாக கோல்வே நகர வைத்தியசாலைக்குப் போனார். கரு கலைவது உறுதி என்று தெரிந்துவிட்டது. அவர் விரும்பிப் பெற இருந்த பிள்ளை அது. இனிக் காக்க முடியாது என்றபோது கருவை அகற்றிவிடும்படி கேட்டார். கருவின் இருதயத்துடிப்பு நிற்கவில்லை என்பதால் மறுக்கப்பட்டது. கருவுக்கும் தாய்க்கும் சமமான உயிருரிமை என்று 1983இல் அயர்லாந்தின் அரசியலமைப்பில் சேர்த்த திருத்தம் வைத்தியர்களின் கையைக் கட்டியிருந்தது. நோய்த்தொற்றின் தீவிரத்தை வேளைக்குக் கண்டுகொள்ளாத தவறுகளும் நடந்ததாகப் பின்னர் விசாரணைகள் கூறின. ஒக்டோபர் 28ஆம் திகதி சவிதா இறந்தார். பிள்ளையும் பிழைக்கவில்லை.

2018 மே 25இல் அயர்லாந்து மக்கள் 66 வீதத்துக்கும் மேலான வாக்குகளால் அந்தத் திருத்தத்தை நீக்கினார்கள். டப்ளின் சுவரொன்றில் வரைந்திருந்த சவிதாவின் படத்தின் மேல் மக்கள் சிறு துண்டுக் கடதாசிகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர்களில் பலர் கருக்கலைப்பை விரும்பியவர்கள் அல்ல. உயிரைக் காக்க எழுதிய விதி ஓர் உயிரைக்கூடக் காக்காத நிலையைக் கண்டு மனம் மாறியவர்கள்.

எமது வீடுகளுக்குள்

கருவை நாம் அற்பமாக எண்ணக்கூடாது. போரில் இவ்வளவு உயிர்களை இழந்த ஓர் இனத்துக்கு உயிரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த இழப்பைச் சொல்லி, "எங்கட சனம் குறைஞ்சு போச்சு, நீங்கள்தான் பெத்துத் தரவேணும்" என்று இளம் பெண்களின்மேல் பாரத்தை ஏற்றுவது வேறு. பிள்ளை, இறந்தவருக்கு ஈடாகப் பிறப்பதில்லை, தனக்காகப் பிறக்கிறது. போரிலும் சிறையிலும் வன்முறைக்கு உள்ளான பெண்ணைப் பார்த்து "பெத்துத்தான் ஆகவேணும்" என்று சொல்லும் துணிவு எவருக்கும் வரக்கூடாது.

குறைபாட்டுப் பரிசோதனை பற்றியும் நேர்மையாகப் பேசவேண்டும். "ஊர் என்ன சொல்லும்" என்ற பயத்தில் குறைபாடுள்ள பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தால், அது பெற்றோரின் சுதந்திரமான முடிவு ஆகாது. ஊரின் முடிவு அது. கொண்டாட்டங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதும் இந்த ஒழுக்கக் கேள்வியின் ஒரு பகுதி. பெண் பிள்ளை என்பதற்காகக் கலைப்பதை எந்தச் சமயமும் எந்த நியாயமும் ஏற்காது. இந்தியா அதற்காகவே 1994இல் கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

கலியாணம் ஆகாத மகள் கர்ப்பமானால்? எமது வீடுகளில் பெரும் பயம் இதுதான். இங்கேதான் எமது இரட்டை வேடமும் தெரியும். "கருக்கலைப்புப் பாவம்" என்று கோயிலில் சொல்லும் அதே வாய், வீட்டில் "ஒருத்தருக்கும் தெரியாமல் முடிச்சுப்போட்டு வா" என்று சொல்லும். அப்போது கவலைப்படுவது உயிரைப்பற்றியும் அல்ல, மகளைப்பற்றியும் அல்ல, மானத்தைப்பற்றி. பிரித்தானியாவில் 1985இல் வந்த கில்லிக் தீர்ப்பின்படி, விளங்கிக்கொள்ளும் பக்குவம் உள்ள 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகூடப் பெற்றோருக்குத் தெரியாமல் வைத்தியரின் ஆலோசனை பெறலாம். பிரான்சில் வயது குறைந்தவர் தாய் தந்தைக்குப் பதிலாகத் தான் நம்பும் வேறொரு வளர்ந்தவரைத் துணைக்கு அழைத்துப்போகலாம். சட்டம் எமது பிள்ளைகளுக்கு வேறு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. அவர்கள் முதலில் எமது கதவைத் தட்டுவார்களா என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம்.

ஆண்களைப்பற்றியும் ஒரு வார்த்தை. கரு உண்டாவதில் பாதிப் பங்கு உள்ளவரின் பெயர் "பாவம்" என்ற பேச்சில் அநேகமாக வருவதே இல்லை. பெற்றுக்கொள்ளச் சொல்லும் சமூகம், பெற்றபின் தனியாக நிற்கும் தாய்க்கு வீட்டு வாடகைக்கும் பால்மாவுக்கும் துணை நிற்காவிட்டால், அதன் அறிவுரைக்குப் பெறுமதி இல்லை.

எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் அம்மம்மாவும் பேத்தியும் வேறு வேறாக நினைக்கலாம், இருவரும் நல்லவர்களாகவே இருக்கலாம். மூன்று விடயங்களை மட்டும் சொல்வோம். வைத்தியசாலையில் இந்தப் பேச்சு வரும்போது பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் கேட்டால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்து தருவார்கள். பிள்ளைகள் வளரும்போதே, "என்ன நடந்தாலும் முதலில் எங்களிட்ட வா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிவெடுத்துவிட்டு வந்து நிற்கும் பெண்ணிடம், அது எந்த முடிவாக இருந்தாலும், முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

மாணிக்கவாசகர் மாதக்கணக்கில் சொல்லிவந்து பத்தாம் மாதத்தில், பிள்ளை தாயோடு சேர்ந்து படும் துயரத்தைக் கடல் என்கிறார். தாயை விட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசவும், பிள்ளையை மறந்து தாயைப் பற்றிப் பேசவும் அவரால் முடியவில்லை. எம்மாலும் முடியக்கூடாது.